ஒரே வார்த்தை, இரண்டு கோடு: ஆரம்பநிலை செரிமானப் பாதைப் புற்றுநோயில் எதைப் பார்த்துக் கோடு போடுவது?

நோயின் பெயரை ஐசிடி (சர்வதேச நோய் வகைப்பாடு) எண்ணாக மாற்றி எழுதும் ஒரு கோடரின் கேள்வி இதுதான். கோடு என்று இங்கே சொல்வது அந்த எண்ணைத்தான். இரண்டு நோயாளிகளின் பெத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டிலும் "இன்ட்ராமியூகோசல் அடினோகார்சினோமா", அதாவது உட்படலத்துக்குள் நிற்கும் சுரப்பித்திசுப் புற்றுநோய், என்றே இருக்கிறது. ஒருவருக்கு இரைப்பை, இன்னொருவருக்கு சிக்மாய்டு (மலக்குடலுக்கு முந்தைய பெருங்குடல் பகுதி) பாலிப், அதாவது உட்சுவரில் முளைத்த சதை. முதல் ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் டீ1ஏ. இரண்டாவதில் டீஐஎஸ், அதாவது இன் சிட்டு (ஊடுருவாமல் தோன்றிய இடத்திலேயே நிற்பது). வார்த்தை ஒன்று, ஸ்டேஜ் மட்டும் எப்படி மாறும்? ரிப்போர்ட்டில் பிழையா? டீஐஎஸ் என்றால் புற்றுநோய்க்குரிய சி கோடு போடக்கூடாதுதானே? ஹை-கிரேட் டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய தீவிர செல் மாற்றம்) உள்ள பாலிப்புக்கு ஒரு சீனியர் டி12 (தீங்கற்ற கட்டி) என்கிறார், இன்னொருவர் டி01 (இன் சிட்டு) என்கிறார். யார் சொல்வது சரி?

ரிப்போர்ட் இரண்டிலும் பிழையில்லை. ஆனால் "டீஐஎஸ் என்றால் டி கோடு" என்ற கணக்கு தப்பு. ஸ்டேஜ் ஒரு கேள்விக்குப் பதில், ஐசிடி கோடு இன்னொரு கேள்விக்குப் பதில், கேன்சர் ரெஜிஸ்ட்ரியில் (புற்றுநோய்ப் பதிவேட்டில்) ஏறும் எண் மூன்றாவது கேள்விக்குப் பதில். முற்றிய புற்றுநோயில் மூன்றும் ஒரே திசையில் போய்விடுவதால் இந்தப் பிரிவே நம் கண்ணில் படாது. ஆரம்ப நிலையில்தான் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும்.

எழுத்துக் குழப்பம் வராமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலில் "டி" என்று குறில் வந்தால் அது ஐசிடி கோட்டின் எழுத்து. "டீ" என்று நெடில் வந்தால் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லும் ஸ்டேஜ் எழுத்து. ஐசிடி-10-சிஎம் என்று வருவது அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள வடிவம். வெறும் ஐசிடி-10 என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் மூல வடிவம்.

அடுக்கிலிருந்து தொடங்குவோம். குடலின் உட்சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்தால் முதலில் எபிதீலியம் என்ற மேற்பரப்புச் செல் அடுக்கு. அதன் கீழே லாமினா புரோப்ரியா என்ற தளர்ந்த திசு. அதற்கும் கீழே மஸ்குலாரிஸ் மியூகோசா என்ற மெல்லிய தசைக்கோடு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மியூகோசா. தசைக்கோட்டைத் தாண்டினால் சப்மியூகோசா, அதற்கப்பால் கனத்த தசைச்சுவர். ஆரம்பநிலை என்று நாம் பேசுவதெல்லாம் சப்மியூகோசாவோடு நின்றுவிட்ட கட்டிகளைப் பற்றித்தான்.

எபிதீலியத்தின் அடிச்சவ்வைக் கிழித்துக்கொண்டு லாமினா புரோப்ரியாவுக்குள் செல்கள் இறங்கிவிட்டால் அது ஊடுருவல். இலக்கணப்படி இன் சிட்டு கட்டம் அதோடு முடிந்தது. இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் ஏஜேசிசி என்ற அமெரிக்க ஸ்டேஜ் விதிநூலின் எட்டாம் பதிப்பு (2018 ஜனவரி 1 முதல் கண்டறியப்பட்டவர்களுக்கு) இந்த இலக்கணத்தையே பின்பற்றுகிறது. லாமினா புரோப்ரியாவோ மஸ்குலாரிஸ் மியூகோசாவோ தொடப்பட்டால் டீ1ஏ, சப்மியூகோசா என்றால் டீ1பி. ஊடுருவாத ஹை-கிரேட் டிஸ்பிளேசியா மட்டும் டீஐஎஸ்.

பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் விதி வேறு. அங்கே லாமினா புரோப்ரியாவுக்குள் இறங்கினாலும், மஸ்குலாரிஸ் மியூகோசாவைத் தாண்டாத வரை டீஐஎஸ்தான். பெருங்குடலின் மியூகோசாவில் நிணநீர்க் குழாய்கள் மிக அரிது என்பதால், அந்த ஆழத்தில் நிற்கும் கட்டி நிணநீர் முடிச்சுக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று கருதப்படுகிறது. பரவ வழியில்லாத ஒன்றை டீ1 என்று எழுதினால் தேவையில்லாமல் குடலை வெட்டுவதில் போய் முடியும். ஆகவே ஸ்டேஜ் எழுதியவர்கள் நுண்ணோக்கி காட்டும் ஊடுருவலை விட்டுவிட்டு நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இரைப்பையின் மியூகோசாவில் நிணநீர்க் குழாய்கள் உண்டு. அங்கே அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் இப்போது புரிந்திருக்கும்: ஆழம் ஒன்று, உறுப்பு வேறு, அதனால் ஸ்டேஜ் வேறு. இனி கோடுக்கு வருவோம்.

இரைப்பைக்காரருக்குச் சிக்கல் இல்லை. அடினோகார்சினோமா, ஊடுருவியது, இடம் ஆன்ட்ரம் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) என்றால் சி16.3. பாடி (நடுப்பகுதி) என்றால் சி16.2. டீ1ஏ என்பதால் டி00.2 போடலாமா என்று யாராவது கேட்டால் கூடாது. டி00.2 இரைப்பையின் இன் சிட்டுக்கு மட்டும்.

சிக்மாய்டுக்காரர் விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும். ஐசிடி அகரவரிசையில் அடினோகார்சினோமாவைத் தேடினால், "இன் சிட்டு" என்ற சொல் கூடவே இல்லாதபோது அது புற்றுநோய்ப் பக்கம்தான் அனுப்பும்: சி18.7. "அடினோகார்சினோமா இன் சிட்டு" என்று எழுதியிருந்தால் டி01.0. ரிப்போர்ட் "இன்ட்ராமியூகோசல் அடினோகார்சினோமா, லாமினா புரோப்ரியா வரை" என்று சொல்லி, ஸ்டேஜ் கட்டத்தில் டீஐஎஸ் என்றும் போட்டிருந்தால், ஒரே தாளில் இரண்டு மொழி பேசுகிறது என்று அர்த்தம். ஸ்டேஜ் எழுத்தை வைத்து டயக்னோசிஸை மாற்றி எழுதுவது கோடர் வேலை இல்லை. டயக்னோசிஸ் வாக்கியம் மட்டும் போதும் என்று ஸ்டேஜைக் கண்டுகொள்ளாமல் விடுவதையும் நான் ஏற்கமாட்டேன். டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்புங்கள், பதில் வந்ததும் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டுக் கோடு போடுங்கள். க்வெரி எப்படி எழுதுவது என்று கீழே காட்டுகிறேன்.

ரெஜிஸ்ட்ரிக்காரர்கள் இதே நோயாளியை வேறு மாதிரி பார்ப்பார்கள். ஐசிடி-ஓ என்ற புற்றுநோய்ப் பதிவு முறையில் திசு வகைக்கு நான்கு இலக்கம், சாய்கோட்டுக்குப் பின் கட்டியின் போக்குக்கு ஓர் இலக்கம்: 0 என்றால் தீங்கற்றது, 1 என்றால் நிச்சயமில்லை, 2 என்றால் இன் சிட்டு, 3 என்றால் ஊடுருவிய முதன்மைக் கட்டி. அடினோகார்சினோமா 8140/3, அதன் இன் சிட்டு வடிவம் 8140/2. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சீர் (SEER) என்ற பதிவுத் திட்டம் பெருங்குடலில் லாமினா புரோப்ரியாவுக்குள் இறங்கிய கட்டிக்கு 3 என்றே போகச் சொல்கிறது. அதே நோயாளிக்கு ஏஜேசிசி ஸ்டேஜ் டீஐஎஸ் என்றே நிற்கும். இரண்டும் முரணாகத் தெரியும், ஆனால் இரண்டுமே சரி. ஒன்று திசு என்ன செய்தது என்பதைக் கேட்கிறது, மற்றது நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைக் கேட்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 3 இருக்கிறது, பில்லில் டி01 இருக்கிறது என்று யாராவது பிழைப்பட்டியலோடு வந்தால், முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது ஹை-கிரேட் டிஸ்பிளேசியா. ஐசிடி-10-சிஎம் அகரவரிசையில் "டிஸ்பிளேசியா, கோலன்" என்று பார்த்தால் டி12.6க்குத்தான் போகும். அடினோமா என்ற தீங்கற்ற சுரப்பிக் கட்டியே டிஸ்பிளேசியா உள்ள கட்டிதான். அதில் கிரேட் கூடினால் அடினோமா இல்லாமல் போய்விடாது. ஆகவே டி12 சொன்ன சீனியர் பக்கம்தான் நான். பாலிப் இருந்த பகுதி தெரிந்தால் இடத்துக்குரிய எண்: அசென்டிங்கில் (மேலேறும் குடல்) டி12.2, சிக்மாய்டில் டி12.5, மலக்குடலில் டி12.8. டி01.0 போட வேண்டுமானால் "கார்சினோமா இன் சிட்டு" என்று டாக்டர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். ஸ்டேஜ் அட்டவணை ஹை-கிரேட் டிஸ்பிளேசியாவையும் இன் சிட்டுவையும் ஒரே கட்டத்தில் வைத்திருக்கிறதே என்பது வாதமாகாது.

உணவுக்குழாயில் இந்த வேறுபாடு பட்டவர்த்தனமாகத் தெரியும். பேரட் உணவுக்குழாயில் (உட்படலத்தின் செல் வகை மாறிப்போன உணவுக்குழாய்) ஹை-கிரேட் டிஸ்பிளேசியா வந்தால் ஏஜேசிசி அதை டீஐஎஸ் என்கிறது. ஐசிடி-10-சிஎம்மோ அதைக் கட்டிகளின் அத்தியாயத்திலேயே சேர்க்காமல் செரிமான நோய்களில் கே22.711 என்று வைத்திருக்கிறது. லோ-கிரேட் என்றால் கே22.710. டீஐஎஸ் என்று கண்ணில் பட்டதும் டி00.1 போடுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இந்தச் சொல் குழப்பம் கோடர்களோடு நிற்பதில்லை. திசு ஒட்டிய ஒரே கண்ணாடித் துண்டை (ஸ்லைடு) ஜப்பானிய நோயியலாளர் "கார்சினோமா" என்பார், மேலைநாட்டவர் "ஹை-கிரேட் டிஸ்பிளேசியா" என்பார். ஜப்பானில் செல்லின் உருவமும் சுரப்பியின் அமைப்பும் போதும். மேலைநாடுகளில் ஊடுருவல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2000இல் வியன்னா வகைப்பாடு வெளிவந்தது. அதன் நான்காம் பிரிவு ஹை-கிரேட் டிஸ்பிளேசியாவையும் ஊடுருவாத கார்சினோமாவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது, ஏனென்றால் நோயாளிக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றே. "வியன்னா 4" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் சிகிச்சைக்குப் போதும், கோடுக்குப் போதாது. அதற்குள் டி12உம் இருக்கலாம், டி01உம் இருக்கலாம். திருத்திய வடிவத்தில் மியூகோசாவுக்குள் ஊடுருவிய கார்சினோமாவும் அதற்குள்தான் வரும். உட்பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

"ஆரம்பநிலை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஐசிடியில் இதற்குக் கோடு கிடையாது. "ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய்" என்ற வரையறை 1962இல் ஜப்பானில் உருவானது: கட்டி மியூகோசாவிலோ சப்மியூகோசாவிலோ நின்றிருக்க வேண்டும், நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. கடைசிப் பகுதிதான் முக்கியம். "ஆரம்பநிலை" என்று தலைப்பில் படித்துவிட்டு முடிச்சுகளைப் பற்றிய வரியைத் தாண்டிப் போனால், சி16 மட்டும் போட்டு, வயிற்று முடிச்சுக்குப் பரவியதைச் சொல்லும் சி77.2ஐ விட்டுவிடுவோம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் டீ1பி, கூடவே இரண்டு முடிச்சில் கட்டி என்று வருவது நடக்கக்கூடியதுதான். அதுவும் "ஆரம்பநிலை"தான், ஆனால் இரண்டாம் நிலைக் கட்டிக்குரிய கோடும் சேர வேண்டும்.

எந்தத் தாளை நம்புவது என்ற கேள்விக்கு ஒரு வரிசை உண்டு. எண்டோஸ்கோபி செய்தவர் "ஆரம்பப் புற்றுநோய் போல் தெரிகிறது" என்று எழுதுவார். அடுத்து பயாப்சி வரும். அதற்கும் அடுத்து முழுக் கட்டியும் வெட்டி எடுக்கப்பட்டு அதன் ரிப்போர்ட் வரும். பயாப்சி என்பது கட்டியின் ஓர் ஓரத்தில் கிள்ளிய துணுக்கு, பெரும்பாலும் மேல்பரப்பிலிருந்து வருவது. அதில் ஹை-கிரேட் டிஸ்பிளேசியா என்று வந்து முழுக் கட்டியில் சப்மியூகோசா ஊடுருவல் தெரிவது சாதாரணம். ஒவ்வொரு வருகைக்கும் அன்றைக்குத் தெரிந்ததைத்தான் கோடாக எழுத வேண்டும். பின்னால் வந்த ரிப்போர்ட்டை வைத்துப் பழைய வருகையைத் திருத்தக்கூடாது.

ஐசிடி-10-சிஎம் விதிகளில் வெளிநோயாளிக்கும் உள்நோயாளிக்கும் உள்ள வேறுபாடு இங்கே கடிக்கும். வெளிநோயாளிக்கு "இருக்கலாம்", "சந்தேகம்", "ஒத்துப்போகிறது" போன்ற சொற்களை உறுதியான நோயாகக் கோடு போடக்கூடாது, அறிகுறியையோ கண்டதையோ போட வேண்டும். அதே நேரம் கோடு போடும்போது பெத்தாலஜி ரிப்போர்ட் கையில் இருந்தால், நோயியலாளரும் மருத்துவர்தான் என்பதால், அதில் உறுதியாகச் சொன்னதை நேரடியாக எடுக்கலாம். உள்நோயாளிக்கு நேர்மாறு. டிஸ்சார்ஜில் "சந்தேகம்" என்று எழுதியிருந்தால் அது இருப்பதாகவே கோடு போடலாம், ஆனால் பெத்தாலஜி ரிப்போர்ட்டில் இருப்பதைச் சிகிச்சை செய்யும் டாக்டர் தன் குறிப்பில் ஏற்று எழுதாமல் நாமாக எடுக்கக்கூடாது. பாலிப் எடுத்த மறுநாளே பில் போக வேண்டும் என்ற அவசரத்தில் "பாலிப்" என்று கே63.5 போட்டு அனுப்பிவிட்டு, நான்கு நாள் கழித்து அடினோகார்சினோமா என்று வந்து திருத்தப் பில் அனுப்புவது எல்லோருக்கும் தலைவலி. இந்த ஒரு வகைக் கேஸிலாவது ரிப்போர்ட் வரும்வரை பில்லை நிறுத்திவைக்கும் வழக்கம் வேண்டும் என்பது என் கட்சி.

இடம் எழுதாத குறிப்பு இன்னொரு தொல்லை. "30 செ.மீ.யில் பாலிப்" என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே குழாய் சுருண்டிருந்தால் அந்த 30 எங்கேயும் இருக்கலாம். சிக்மாய்டு, டிசென்டிங் (கீழிறங்கும் குடல்) என்று பகுதியின் பெயர் இல்லையென்றால் சி18.9க்கோ டி12.6க்கோ இறங்கிவிட வேண்டியதுதான். மலக்குடல் சி20, மலக்குடலும் சிக்மாய்டும் சேரும் இடம் சி19, சிக்மாய்டு சி18.7: பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் மூன்று பிரிவு. ஸ்டேஜும் சிகிச்சைத் திட்டமும் இதைப் பொறுத்தே மாறும் என்பதால் டாக்டருக்கும் இது வெறும் எழுத்துவேலை இல்லை.

இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடம் இதைவிட நுணுக்கம். அந்தச் சந்திப்பில் உள்ள கட்டிக்குக் கோடு சி16.0, அதாவது இரைப்பையின் கார்டியா. ஆனால் கட்டி சந்திப்பைத் தொட்டு, அதன் மையம் சந்திப்பிலிருந்து இரைப்பைக்குள் 2 செ.மீ.க்குள் இருந்தால், ஏஜேசிசி எட்டாம் பதிப்பு அதை உணவுக்குழாய் அட்டவணைப்படி ஸ்டேஜ் செய்யச் சொல்கிறது. கோடு இரைப்பையில், ஸ்டேஜ் உணவுக்குழாயில். இதை உறுப்புப் பொருந்தாப் பிழை என்று சாஃப்ட்வேர் தானாக நிறுத்தினால் திருத்தாதீர்கள். காரணத்தை எழுதி விடுவித்துவிடுங்கள்.

சரி, டாக்டர்கள் என்ன எழுதினால் எல்லாம் நேராகும்? நோயியலாளர் எழுத வேண்டியதில் ஆழம் முதலிடம், அதுவும் எண்ணில். எண்டோஸ்கோபி வழியே எடுத்ததோடு நிறுத்தலாமா, குடலை வெட்ட வேண்டுமா என்ற முடிவே அந்த எண்ணில் தொங்குகிறது. சப்மியூகோசாவுக்குள் எத்தனை மைக்ரோமீட்டர் போயிருக்கிறது என்பதற்கு இரைப்பையில் எல்லை 500, பெருங்குடலில் 1000, உணவுக்குழாய் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகையில் 200. இதைத் தாண்டினால் முடிச்சுக்குப் பரவும் வாய்ப்பு ஏறுகிறது. கூடவே ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய் ஊடுருவல், செல் எவ்வளவு முதிர்ந்தது, பக்க விளிம்பு, அடி விளிம்பு, பெருங்குடலில் டியூமர் பட்டிங் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னது கட்டியின் முன்விளிம்பில் தனியாகவோ சின்னக் கூட்டமாகவோ பிரிந்து நிற்கும் செல்கள். 2016இல் உலகளவில் ஒப்புக்கொண்ட முறைப்படி 0.785 சதுர மி.மீ. பரப்பில் எண்ணுகிறார்கள்: 4 வரை குறைவு, 5 முதல் 9 இடைநிலை, 10ம் அதற்கு மேலும் அதிகம். இவற்றில் எதுவும் ஐசிடி எண்ணை மாற்றாது. ஆனால் அடுத்த மாதம் அதே நோயாளிக்குக் குடல் அறுவைச் சிகிச்சை நடந்து காப்பீட்டுக்காரர் "ஏன் தேவைப்பட்டது?" என்று கேட்கும்போது பதில் இங்கேதான் இருக்கும்.

எண்டோஸ்கோபி செய்பவர் எழுத வேண்டியது வேறு பட்டியல். இடம், அளவு, பாரிஸ் வகைப்பாட்டின்படி வடிவம் (காம்புள்ளதா, அடிப்பகுதி பரந்ததா, லேசாக மேடா, தட்டையா, குழிவா), எந்த முறையில் எடுத்தார், ஒரே துண்டாக வந்ததா, துண்டு துண்டாகவா. துண்டு துண்டாக வந்தால் அடி விளிம்பை நோயியலாளர் உறுதியாகச் சொல்ல முடியாது. "விளிம்பு மதிப்பிட இயலவில்லை" என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்டோஸ்கோபி அறையில்தான் இருக்கும்.

செயல்முறைக் கோடில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அமெரிக்கக் கேஸ்களில் அடிக்கடி பணம் திரும்பப் போவது இதில்தான். கொலனோஸ்கோபியில் மியூகோசா வெட்டி எடுப்பதற்கான சிபிடி (அமெரிக்கச் செயல்முறைக் கோடு) 45390. அதைக் கேட்க மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும்: சப்மியூகோசாவில் ஊசி போட்டுத் தூக்கியது, கட்டியின் எல்லையைக் குறித்தது, ஸ்னேர் (கம்பி வளையம்) கொண்டு வெட்டியது. ஊசி போட்டு வெட்டினேன் என்று மட்டும் இருந்தால் ஊசிக்கு 45381, வெட்டுக்கு 45385 என்று தனித்தனியாகத்தான் போகும். 45390 போட்டுவிட்டு அதே கட்டிக்கு இவ்விரண்டையும் சேர்க்கவும் முடியாது.

ஸ்கிரீனிங்குக்கு (அறிகுறி இல்லாமலே செய்யும் சோதனைக்கு) வந்தவரிடம் கண்டுபிடித்தால் முதல் கோடு இசட்12.11 என்றே இருக்கட்டும். கண்டது இரண்டாவதாக வரும். கொலனோஸ்கோபி பாதியில் சிகிச்சையாக மாறினாலும் வந்த காரணம் மாறாது. ரத்தம் போகிறது என்று வந்தவருக்கு இசட்12.11 போடவே கூடாது. நோயாளியின் பாக்கெட்டைத் தொடும் விஷயம் என்பதால் இரண்டு பக்கமும் அழுத்தம் வரும், குறிப்பில் உள்ளபடி நில்லுங்கள்.

மலக்குடலில் 6 மி.மீ. பாலிப் என்று எடுத்தது நியூரோஎண்டோகிரைன் கட்டியாக (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களின் கட்டி, கார்சினாய்டு என்றும் சொல்வார்கள்) வருவதுண்டு. ஐசிடி-10-சிஎம்மில் அது சி20க்குப் போகாது, தனித் தொகுதி சி7ஏ.026. தீங்கற்ற கார்சினாய்டு என்று டாக்டர் எழுதினால் டி3ஏ.026. இரைப்பைச் சுவரின் இணைப்புத் திசுவில் வளரும் ஜிஸ்ட் (GIST) வகைக் கட்டியும் அப்படித்தான், சி16இல் தேடாதீர்கள், சி49.ஏ2. உறுப்பைப் பார்த்து ஓடுவதற்கு முன் திசு வகையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவை இரண்டும் போதும்.

இனி அந்த க்வெரி. டாக்டரை ஒரு பதிலை நோக்கித் தள்ளுவதாக இருக்கக்கூடாது. பணம், ரேட், கோடு எண் எதுவும் அதில் வரக்கூடாது. உங்கள் சிக்மாய்டு கேஸுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"டாக்டர் அவர்களுக்கு, சிக்மாய்டு பாலிப் பெத்தாலஜி ரிப்போர்ட்டில் 'இன்ட்ராமியூகோசல் அடினோகார்சினோமா, லாமினா புரோப்ரியா வரை ஊடுருவல், மஸ்குலாரிஸ் மியூகோசா தாண்டவில்லை' என்றும், ஸ்டேஜ் டீஐஎஸ் என்றும் உள்ளது. உங்கள் குறிப்பில் 'பாலிப் கேன்சர்' என்று மட்டும் உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி இறுதி டயக்னோசிஸைக் குறிப்பிட வேண்டுகிறேன்: ஊடுருவிய அடினோகார்சினோமா, அடினோகார்சினோமா இன் சிட்டு, ஹை-கிரேட் டிஸ்பிளேசியா உள்ள அடினோமா, வேறு (குறிப்பிடவும்), தீர்மானிக்க இயலவில்லை."

கடைசி இரண்டு வாய்ப்புகளை விட்டுவிட்டால் அது வழிநடத்தும் க்வெரி ஆகிவிடும். ரிப்போர்ட்டின் வாசகத்தை அப்படியே மேற்கோளாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் சொல்லில் சுருக்கி எழுதினால் சுருக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். பல தீவிரநோய்க் காப்பீட்டுப் பாலிசிகள் இன் சிட்டு நிலையை இழப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கும். சி18.7க்கும் டி01.0க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பணம் நிற்கக்கூடும். அதற்காகச் சாதகமான கோடைத் தேடச் சொல்லவில்லை. டாக்டர் தெளிவாக எழுதாத இடத்தில் கோடர் ஊகித்து ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடக்கூடாது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

கட்டி எடுத்த பிறகு எத்தனை நாள் வரை சி கோடு என்பதும் இதோடு வரும் கேள்விதான். நாள் கணக்கு கிடையாது. பாலிப்பில் புற்றுநோய் முழுக்க வந்துவிட்டது, ஆனால் அடி விளிம்பு சந்தேகம் என்று குடலின் அந்தப் பகுதியை வெட்டுகிறார்கள் என்றால், வெட்டிய துண்டில் கட்டி மிச்சமே இல்லாவிட்டாலும் அந்த வருகைக்கு சி கோடுதான். சிகிச்சை இன்னும் அந்த இடத்தை நோக்கித்தான் நடக்கிறது. சிகிச்சை முடிந்தது, கட்டியும் இல்லை, இனி கண்காணிப்பு மட்டும் என்று ஆன பிறகே வரலாற்றுக் கோடு: இரைப்பைக்கு இசட்85.028, பெருங்குடலுக்கு இசட்85.038, மலக்குடலுக்கு இசட்85.048, பரிசோதனைக்கு வந்த காரணமாக முன்னால் இசட்08. இன் சிட்டுவாக இருந்திருந்தால் இசட்85 கிடையாது. உணவுக்குழாய், இரைப்பை இரண்டுக்கும் இசட்86.003, மற்ற செரிமான உறுப்புகளுக்கு இசட்86.004. வெறும் அடினோமா என்றால் இசட்86.0101. ஆக, முதல் நாள் லாமினா புரோப்ரியா பற்றி க்வெரி அனுப்பாமல் விட்டது மூன்று ஆண்டு கழித்து வரும் கண்காணிப்பு கொலனோஸ்கோபியின் முதல் வரியில் வந்து நிற்கும். அப்போது பழைய கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.